கிரனாடாவின் ஏற்றத் தெருவில் ஒரு பழைய கிதார்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், பனி படிந்த சியர்ரா நெவாதா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கிரனாடா நகரம். ஸ்பானிய மொழியில் கிரனாடா என்றால் மாதுளம்பழம் என்று பொருள். நகரின் சின்னமும் அதுவே. ஏறத்தாழ 250 ஆண்டுகள் நாஸ்ரித் மரபைச் சேர்ந்த இஸ்லாமிய மன்னர்களின் தலைநகராக விளங்கிய இந்நகர், 1492ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2ஆம் நாள் இசபெல்லா அரசிக்கும் பெர்டினாந்து அரசருக்கும் பணிந்தது. அவ்விருவரின் கல்லறைகள் பேராலயத்தை ஒட்டிய அரச சிற்றாலயத்தில் உள்ளன.

இங்கு வருவோரில் பெரும்பாலோர் அல்ஹம்ப்ரா அரண்மனையைக் காணவே வருகின்றனர். நாங்களும் அதைக் கண்டு வியந்தோம். ஆயினும் எங்களை இந்நகருக்கு இழுத்து வந்தது அரண்மனை அன்று. அரண்மனைக்கு ஏறிச் செல்லும் வழியில் உள்ள ஒரு தெரு.

நகரின் நடுவேயுள்ள பிளாசா நுவேவா என்னும் சதுக்கத்திலிருந்து தென்புறமாக ஒரு குறுகிய தெரு செங்குத்தாக மேலேறுகின்றது. கோமேரெஸ் ஏற்றம் என்று அதனை அழைக்கின்றனர். தெருவின் உச்சியில், 16ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் காலத்தில் எழுப்பப்பட்ட கல்வாயில் நிற்கின்றது. அதன் முகப்பில் வெடித்த மாதுளங்கனிகள் மூன்று செதுக்கப்பட்டிருப்பதால் மாதுளை வாயில் என்பது அதன் பெயர். அதனைக் கடந்தால் ஓங்கிய மரங்கள் அடர்ந்த சோலை; பாதையின் ஓரங்களில் சலசலத்து இறங்கும் நீரோடைகள். அந்த வாயிலுக்குக் கீழே, நினைவுப் பொருட்கள் விற்கும் கடைகளுக்கு இடையில், கிதார் செய்யும் பட்டறைகள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. இத்தெருவிலிருந்து மூன்று நான்கு தெருக்கள் தள்ளியும் அத்தகைய பட்டறைகளைக் காணலாம்.

எதற்காகச் சென்றோம்?

எங்கள் மகள் எட்டு ஆண்டுகளாகச் செவ்வியல் கிதார் பயின்று வருகின்றாள். தொடக்கத்தில் வாங்கிக் கொடுத்த தொழிற்சாலைக் கிதார் அவளது பயிற்சிக்கு ஈடுகொடுக்க இயலாத நிலை வந்தபோது, அவளுடைய ஆசிரியர் எங்களை அழைத்து, கைவேலையாகச் செய்யப்பட்ட பழைய கிதார் ஒன்றைத் தேடிப் பாருங்கள் என்றார். புதிய கைவேலைக் கிதாரின் விலை எங்கள் கைக்கு எட்டாது; எட்டினாலும், நல்ல கைவினைஞரிடம் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். பழையது நன்கு பேணப்பட்டதாக இருந்தால், விலையும் குறைவு; மரமும் நன்றாக உலர்ந்து பக்குவப்பட்டிருக்கும் என்பது அவர் கருத்து. மத்ரித் நகரில் பணிபுரியும் எங்கள் மைத்துனர் வீட்டில் இரண்டு வாரம் தங்கும் வாய்ப்பு அமைந்தபோது, நான்கு ஆண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். 2019ஆம் ஆண்டு முதல் மத்ரித்திலிருந்து கிரனாடாவுக்கு அதிவேகத் தொடர்வண்டி ஓடுகின்றது. ஒலிவ மரங்கள் வரிவரியாக நிற்கும் குன்றுகளைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே சில மணி நேரத்தில் நகரை அடைந்தோம்.

கிதார் என்றவுடன் நம்மில் பலருக்கும் எஃகுக் கம்பி பூட்டிய வாத்தியமே நினைவுக்கு வரும். செவ்வியல் கிதார் அதனின்றும் வேறானது. விரற்பலகை அகன்றது, உடல் எடை குறைந்தது, கம்பிக்குப் பதில் நைலான் நரம்புகள் பூட்டப்பெறும். மேல் மூன்று நரம்புகளும் வெறும் நைலான் இழைகள். கீழ் மூன்றும் நுண்ணிய நைலான் இழைக் கற்றையின்மேல் வெள்ளிமுலாம் பூசிய செப்புக்கம்பி சுற்றப்பட்டவை. ஆறு நரம்புகளும் சேர்ந்து வாத்தியத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுக் கம்பிகளின் இழுவிசையோ 70 கிலோவுக்கும் மேலாகும். விவரம் அறியாதோர் பழைய செவ்வியல் கிதாரில் எஃகுக் கம்பியைப் பூட்டிவிடுவதுண்டு. அவ்வாறு செய்தால் சில நாட்களில் குதிரை பெயர்ந்துவிடும், மேற்பலகை புடைத்துவிடும்.

இந்த நைலான் நரம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்புகளே வழக்கில் இருந்தன. ஈரக்காற்றுப் பட்டால் சுருதி இறங்கும். இசை நிகழ்ச்சியின் நடுவே அறுந்துபோகும். இரண்டாம் உலகப் போரின்போது, அறுவை மருத்துவத்தில் காயங்களைத் தைப்பதற்குக் குடல் நரம்பு தேவைப்பட்டமையால், இசைக் கலைஞர்களுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அவ்வேளையில் நியூயார்க்கில் வாழ்ந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கிதார் கைவினைஞர், டுபாண்ட் நிறுவனம் 1938இல் உலகுக்கு அறிவித்திருந்த நைலான் இழையைக் கொண்டு நரம்பு செய்து பார்த்தார். ஆந்த்ரேஸ் செகோவியா என்னும் மாபெரும் கிதார் கலைஞர் அதனை ஆய்ந்து ஏற்றுக்கொண்டார். 1940களின் இறுதிக்குள் நைலான் நரம்பு உலகெங்கும் பரவிற்று. எனவே அதற்கு முன் செய்யப்பட்ட கிதார்கள், இன்று நைலான் நரம்பு பூண்டிருந்தாலும், குடல் நரம்புக்கெனப் பிறந்தவையே.

பெரியோர் நடந்த தெருக்கள்

அந்தச் செகோவியாவும் கிரனாடாவோடு நெருங்கிய தொடர்புடையவர். 1893இல் லினாரெஸ் என்னும் ஊரில் பிறந்த அவர், இளமைப் பருவத்தை இந்நகரில் கழித்தார். அவரது முதல் மேடை நிகழ்ச்சி 1909ஆம் ஆண்டில் இங்கேயே நிகழ்ந்தது. வலென்சியாப் பகுதியில் பிறந்து பார்சலோனாவில் மறைந்த பிரான்சிஸ்கோ தாரேகா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’ என்னும் பண்ணை இயற்றியதன் வாயிலாக இந்நகரின் பெயரைக் கிதார் பயிலும் ஒவ்வொரு மாணவருக்கும் அறிமுகம் செய்துவைத்தார். மனுவேல் தெ பல்யா என்னும் இசைமேதை இங்கே வாழ்ந்த சிறு வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

கைவினைஞர்களின் வழிமரபும் இவ்வாறே நீள்கின்றது. 1845இல் பிறந்த பெனித்தோ ஃபெர்ரர் இங்குப் பட்டறை நடத்தினார். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த எதுவார்தோ ஃபெர்ரர் 20ஆம் நூற்றாண்டில் கோமேரெஸ் ஏற்றத்தில் பணிபுரிந்து, பலருக்குத் தொழில் கற்பித்தார். 1960களில் ஜப்பானின் யமஹா நிறுவனம் அவரைத் தன் நாட்டுக்கு அழைத்து ஆலோசனை பெற்றது. 1933இல் பிறந்த அந்தோனியோ மாரின் மொந்தேரோ போன்றோரின் பெயர்கள் பின்னர் உலகெங்கும் பரவின. கிரனாடாக் கிதார் என்றால் தரமான வாத்தியம் என்னும் நம்பிக்கை இவ்வாறு வளர்ந்ததே.

ஒரு பட்டறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே செல்ல இசைவு கேட்டோம், தலையசைத்தார்கள். மரத்தூளின் மணமும் வச்சிரப் பசையின் வாடையும் கலந்து வந்தன. மேற்பலகைக்கு ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். அதை 2 முதல் 2.5 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கின்றனர். அதன் உட்புறத்தில் மெல்லிய மரச்சட்டங்களை விசிறி போல் விரித்து ஒட்டுகின்றனர். பக்கப்பலகைகளை நீரில் நனைத்துச் சூடான இரும்புக் குழாயின்மேல் அழுத்தி வளைக்கின்றனர். கழுத்தின் அடிப்பகுதியில் இருபுறமும் பிளவு அறுத்து, பக்கப்பலகைகளை அதனுள் செருகிவிடுவது ஸ்பானிய முறையாகும். எனவே கழுத்தும் உடலும் பின்னர் பொருத்தப்படுவதில்லை, ஒன்றாகவே பிறக்கின்றன. இறுதியில் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுகின்றனர்.

இவ்விடத்தில் அந்தோனியோ தெ தோர்ரெஸ் என்பாரைக் குறிப்பிடாமல் செல்லுதல் தகாது. கிரனாடாவுக்குக் கிழக்கே கடற்கரையிலுள்ள அல்மெரியாவில் 1817இல் பிறந்து 1892இல் மறைந்த இத்தச்சரே இன்றைய செவ்வியல் கிதாரின் உருவத்தை வகுத்தவர். கிதாரின் ஒலி எங்கிருந்து பிறக்கின்றது என்னும் கேள்விக்கு விடை காண, 1862இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்தார். அந்த அட்டைக் கிதாரும் இசைத்தது! அது இன்று பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. கண்ணைக் கவரும் பின்பலகையைப் பார்த்து விலை பேசுவோர் அனைவரும் இந்த நிகழ்ச்சியை நினைவில் கொள்ளுதல் நலம்.

முதலில் கண்ட கிதார்

அன்று பிற்பகல், நகரின் வேறொரு பகுதியில் பழைய வாத்தியங்கள் விற்கும் கடை ஒன்றுக்குச் சென்றோம். உரிமையாளர் உள்ளறையிலிருந்து ஒரு பெட்டியைக் கொணர்ந்து திறந்தார். 1960களின் தொடக்கத்தில் மத்ரித்தின் பேர்பெற்ற பட்டறையொன்றில் செய்யப்பட்டது என்பதற்கான சீட்டு உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. கரும்பழுப்பு நிறப் பின்பலகையில் சிலந்தி வலை போன்ற கோடுகள் ஓடின. எங்கள் மகள் வாங்கி மீட்டினாள். கீழ் நரம்பின் ஓசை அவளது மார்பில் அதிர்ந்ததை அவள் முகமே சொல்லிற்று. அரைமணி நேரம் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. விலையும், வியப்புக்குரிய வகையில், எங்கள் சேமிப்புக்குள் அடங்குவதாக இருந்தது.

பின்பலகை என்ன மரம் என்று மைத்துனர் வாயிலாக வினவினோம். பிரேசில் நாட்டு ஈட்டி மரம் என்று பெருமையுடன் விடை வந்தது. அளவின்றி வெட்டப்பட்டதால் அருகிப்போன மரம் அது. 1960களின் இறுதியில் அறுக்கப்படாத மரத்தை அயல்நாடுகளுக்கு அனுப்புவதைப் பிரேசில் அரசு தடை செய்தது. 1992இல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் முதற்பட்டியலில், யானைத் தந்தம் போன்றவற்றுடன் அம்மரமும் சேர்க்கப்பட்டது. தடைக்கு முன்பே செய்யப்பட்ட வாத்தியமாயினும், அதனை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லச் சான்றிதழ்கள் வேண்டும். அதன் பழைமைக்கும் முறையான உடைமைக்கும் ஆதாரம் வேண்டும்.

அத்தகைய தாள்கள் உள்ளனவா என்று கேட்டோம். கடைக்காரர் தோள்களைக் குலுக்கினார். தாள்கள் ஏதும் இல்லை. விமான நிலையத்தில் எவரும் மரத்தை ஆராய்வதில்லை. சாதாரணப் பழைய கிதார் என்று சொல்லிவிட்டால் போதும் என்றார். விலை ஏன் குறைவு என்பது அப்போது விளங்கிற்று.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். பின்னர் மகளை நோக்கினோம். அவளுக்கு அப்போது வயது பதினேழு. நாங்கள் சொல்லப்போவது இன்னதென்று அவள் உணர்ந்துகொண்டாள். “அப்பா, இதைவிட நல்லது கிடைக்காமல் போனால்?” என்று மட்டும் கேட்டாள். அக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. கிடைக்காமலும் போகலாம் என்றே கூறினோம். அவள் கிதாரைப் பெட்டியில் வைத்து, தாழ்ப்பாள்களைத் தானே மூடினாள். அன்றிரவு விடுதியில் அவள் அதிகம் பேசவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிச் சொல்லுதல் எளிது. அதற்கான விலையை அவர்களே செலுத்தும்போது உடனிருந்து பார்த்தல் எளிதன்று.

குறைகளைக் காட்டி விற்றவர்

மறுநாள் காலை, முன்னர் நாங்கள் கண்ட பட்டறையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பழுதுபார்ப்பதில் வல்லவரான முதியவர் ஒருவரின் இல்லத்துக்கு வழி சொன்னார். ஒரு சந்தின் கோடியில் சிறு அறை. சுவரெங்கும் பற்றுக்கட்டைகளும் உளிகளும். எண்பது வயதை நெருங்கிய அந்தப் பெரியவர், நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டபின், 1974 என்று சீட்டில் எழுதப்பட்ட ஒரு கிதாரை எடுத்து மேசைமீது வைத்தார். கிரனாடாவிலேயே செய்யப்பட்டது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வாசித்து வந்தது, அவர் மறைந்தபின் குடும்பத்தார் விற்றுத்தரும்படி ஒப்படைத்தது என்று அதன் வரலாற்றைச் சொன்னார்.

அதன்பின் அவர் செய்தது எங்களை வியப்பில் ஆழ்த்திற்று. வாத்தியத்தின் சிறப்புகளைப் பேசாமல், குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். மேற்பலகையில், குதிரைக்குக் கீழே மரத்தின் நாரோட்டத்தை ஒட்டி ஒரு விரிசல். அது எப்போதோ ஒட்டப்பட்டு, உட்புறத்தில் சிறு மரத்துண்டுகள் கட்டுப்போட்டது போல் வைத்து வலுவூட்டப்பட்டிருந்தது. பல்மருத்துவர்கள் பயன்படுத்துவது போன்ற சிறு கண்ணாடியையும் விளக்கையும் ஒலித்துளை வழியே நுழைத்து அதனைக் காட்டினார். விசிறிச் சட்டங்கள் ஏழும் அசையாமல் ஒட்டியிருப்பதையும் காணச் செய்தார். முதல் ஐந்து மெட்டுகளும் தேய்ந்து குழிந்திருந்தன; அவற்றை மாற்றியாக வேண்டும். வலக்கை ஊன்றும் இடத்தில் மெருகு அடியோடு அழிந்திருந்தது.

பின்னர், சரியாக உள்ளவற்றைக் காட்டினார். கழுத்தை ஒரு கண்ணால் நெடுக நோக்கச் செய்தார், வளைவு இல்லை. குதிரையின் ஓரத்தில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார், எவ்விடத்திலும் உட்செல்லவில்லை. பன்னிரண்டாம் மெட்டில் நரம்புக்கும் மெட்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்தார். மேல் நரம்பில் 3 மில்லிமீட்டர், கீழ் நரம்பில் 4 மில்லிமீட்டர். இதுவே உரிய அளவு. நரம்பின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டர். 1960களில் மத்ரித்தின் மூன்றாம் ஹோசே ரமீரெஸ் அந்நீளத்தை 664ஆகக் கூட்டியதையும், ஸ்புரூஸுக்குப் பதிலாகச் செடார் மரத்தை மேற்பலகைக்குப் பயன்படுத்தியதையும் சொல்லி, சிறிய கை உடையவர்களுக்கு 650 மில்லிமீட்டரே நன்று என்று எங்கள் மகளின் விரல்களைப் பார்த்துக் கூறினார்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். முந்தைய நாள் கேட்ட முழக்கம் இதில் இல்லை என்பதை எங்கள் காதுகளே உணர்ந்தன. அவள் முகமும் முதலில் மலரவில்லை. முதியவர் ஒன்றும் சொல்லாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். மென்மையாக, பின்னர் அழுத்தமாக, குதிரையின் அருகே, பின்னர் ஒலித்துளையின் மேலே. எங்களில் ஒருவர் சந்தின் மறுகோடி வரை நடந்து சென்று நின்று கேட்டோம். அருகில் அடக்கமாகக் கேட்ட அந்த ஒலி, அங்கே ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெளிந்து வந்து சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பின் அவள் தலைநிமிர்ந்து, “அம்மா, நேற்றைய கிதார் தானாகவே பேசியது. இது, நான் சொல்வதைத்தான் சொல்கிறது. நான் தவறாகச் சொன்னால் தவறாகவே சொல்கிறது” என்றாள். அதற்குமேல் நாங்கள் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

விலை பேசி முடிந்தபின், எந்த நாட்டிலிருந்து வருகின்றீர்கள் என்று முதியவர் வினவினார். இந்தியா என்றதும் அவர் கிதாரைத் திருப்பி, பின்பலகையை விரல் மூட்டால் தட்டினார். “பாலோ சாந்தோ தெ லா இந்தியா” என்றார். ஈட்டி மரத்துக்கு ஸ்பானியக் கைவினைஞர்கள் வழங்கும் பெயர் பாலோ சாந்தோ. ‘புனித மரம்’ என்பது அதன் நேர்ப்பொருள். பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபின், ஸ்பெயின் நாட்டுப் பட்டறைகள் இந்திய ஈட்டி மரத்தை நாடின. அன்றுமுதல் செய்யப்பட்ட எண்ணற்ற செவ்வியல் கிதார்களின் பின்பலகையும் பக்கங்களும் அம்மரத்தாலானவையே. நீலகிரி உள்ளிட்ட நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும், நம் மக்கள் தோதகத்தி என்றும் அழைக்கும் அதே மரம்! மெருகேற்றும் அவலரக்கும் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்தே உலகுக்குச் செல்கின்றது. ஸ்பெயின் வாத்தியம் ஒன்றை வாங்கச் சென்ற நாங்கள், நம் மலையின் மரத்தைக் கையிலேந்தி நின்றோம்.

நம் மரமும் அளவின்றி வெட்டப்பட்டதே. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்கவென்றே 1994இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017இல் ஈட்டி இன மரங்கள் அனைத்தும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இசைவாணர்களின் இடர்ப்பாட்டைக் கருதி, முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் பிரேசில் மரத்துக்கு இந்த விலக்கு இல்லை. முதியவர் தம் கையால் எழுதிக் கொடுத்த விற்பனைச் சீட்டில் ஆண்டு, மரத்தின் பெயர், விரிசல் பழுதுபார்க்கப்பட்ட விவரம் ஆகிய அனைத்தும் இருந்தன. நரம்பு தாங்கும் சிறு கட்டைகள் தந்தமல்ல, எலும்பே என்பதையும் அவர் அதில் குறித்தார். சென்னையில் அச்சீட்டைக் காட்டி, உரிய சுங்க வரியைச் செலுத்தினோம்.

பேணும் முறை

கிரனாடா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றுடைய ஊர். சென்னையோ ஈரக்காற்றின் இருப்பிடம். வறட்சியில் மரம் சுருங்கி விரிசல் காணும். ஈரத்தில் பருத்து நரம்பின் உயரம் கூடும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருத்தல் உகந்தது. எனவே வந்து சேர்ந்தபின் முதல் சில நாட்கள் பெட்டியைச் சிறிது சிறிதாகத் திறந்து, புதிய காற்றுக்கு மரத்தைப் பழக்கினோம். சுவரில் மாட்டுவதில்லை, குளிர்சாதன அறையிலிருந்து திடீரென வெயிலுக்குக் கொண்டுசெல்வதில்லை, மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிறு பொதியைப் பெட்டிக்குள் வைக்கின்றோம். வாசித்தபின் நரம்புகளையும் விரற்பலகையையும் உலர்ந்த துணியால் துடைப்பது எங்கள் மகளின் வழக்கமாகிவிட்டது. தேய்ந்த மெட்டுகளை முதியவரே மாற்றிக் கொடுத்திருந்தார். அழிந்த மெருகை மட்டும் புதுப்பிக்க வேண்டாம் என்று எங்கள் மகள் கேட்டுக்கொண்டாள். அந்த ஆசிரியரின் கை அங்கே இருந்ததல்லவா!

தம் பிள்ளைகளுக்குப் பழைய வாத்தியம் வாங்க விழையும் பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம். உள்ளே ஒட்டிய சீட்டைப் படிப்பதற்கு முன், கண்ணை மூடி ஒலியைக் கேளுங்கள். பழுது பார்க்கப்பட்ட விரிசலுக்கு அஞ்ச வேண்டாம். வளைந்த கழுத்துக்கும் பெயர்ந்த குதிரைக்கும் அஞ்சுங்கள். மரம் இன்னதென்று கேளுங்கள். அதற்குரிய தாளைக் கேளுங்கள். குறையைத் தானே காட்டி விற்பவர் கிடைத்தால், அவரிடம் வாங்குங்கள்.

செகோவியா தம் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கின்றார். இளைஞராக மத்ரித் நகருக்கு வந்தபோது, நல்ல கிதார் வாங்க அவரிடம் பணம் இல்லை. மனுவேல் ரமீரெஸ் என்னும் கைவினைஞரின் பட்டறைக்குச் சென்று, ஒரு நிகழ்ச்சிக்காக வாடகைக்குத் தரும்படி கேட்டார். அவர் வாசித்ததைக் கேட்ட ரமீரெஸ் வாடகையும் வாங்கவில்லை, விலையும் வாங்கவில்லை. அக்கிதாரை அவருக்கே அளித்துவிட்டார். 1912ஆம் ஆண்டுச் சீட்டுடைய அக்கிதாரைச் செகோவியா 1937 வரை வாசித்தார். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. செய்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை, கிதார் இருக்கின்றது.

நல்ல வாத்தியம் எவருக்கும் முழு உடைமையாவதில்லை. காட்டில் நின்ற மரம் தச்சர் கைக்கு வந்து, ஆசிரியர் ஒருவரின் மடியில் பல ஆண்டுகள் இருந்து, இப்போது எங்கள் இல்லத்தில் தங்கியிருக்கின்றது. எங்கள் மகளுக்குப் பின்னும் அது எவர் கைக்கேனும் செல்லும். செல்லும்போது, அந்த முதியவர் எழுதிய சீட்டும் உடன் செல்ல வேண்டும் என்பதற்காக, அதனைக் கிதார் பெட்டியின் உள்ளறையிலேயே வைத்திருக்கின்றோம்.